எதிர்த் தறிக்காரி

அவளுக்கு அம்மா அப்பா வச்ச பேர்னு ஒண்ணு இருந்துச்சு. மில்லுல பாதிப் பேருக்கு அது தெரியாது. எங்களுக்கு அவ வெங்கலம். வாயத் திறந்தா வெங்கலக் கடையில யானை புகுந்த மாதிரிதான். தெருமுனையில அவ சிரிச்சா வீட்டுக்குள்ள அடுப்படியில நிக்கிற எனக்குக் கேட்கும். எனக்குக் காது பாதி அவிஞ்சு போச்சு, அதையும் சேர்த்து யோசிச்சுக்கோங்க.

நானும் அவளும் நெசவு மில்லுல தறி ஓட்டினோம். ஒரே கூடத்துக்குள்ள வரிசை வரிசையா மின்தறி. ஓட ஆரம்பிச்சா தரை அதிரும், கூடவே பல்லும் அதிரும். பக்கத்துல நிக்கிறவ காதுக்குள்ள வாயை வச்சுக் கத்தினாலும் ஒரு எழுத்துக் கேட்காது. அதனால அங்க யாரும் கத்துறதில்லை. வாயசைப்பும் கையும்தான் பாஷை. உதட்டை நல்லாப் பிரிச்சு, சத்தமே இல்லாம, நிதானமாப் பேசணும். நூல் அறுந்தா ஒரு சைகை, பாவு தீர்ந்தா ஒரு சைகை, ஒண்ணுக்குப் போகணும்னா ஒரு சைகை. மேல் உதட்டுல ரெண்டு விரலை வச்சு இழுத்தா அது மீசை. மீசைன்னா மேஸ்திரி வர்றான், பேச்சை நிறுத்துன்னு அர்த்தம்.

புதுசா வர்றவளுக்குக் கொஞ்ச நாள்லயே பழகிடும். அப்புறம் அந்தக் கோடியில ஒருத்தி மாமியாரைத் திட்டினா இந்தக் கோடியில இருக்கிறவளுக்குத் தெரிஞ்சிடும். மேஸ்திரி நடுவுல நடந்து போயிட்டிருப்பான், அவன் தொப்பையைப் பத்தி அவனுக்கு ரெண்டு பக்கமும் பேச்சு ஓடும். அவன் என்னமோ பொம்பளைங்க சிரிச்ச முகமா வேலை செய்றாங்கன்னு சந்தோஷப்பட்டுக்குவான்.

என் தறிக்கு எதிர்த் தறி அவளோடது. நடுவுல ஒரு ஆள் நடக்கிற இடம்தான். இருபது வருஷத்துக்கு மேல நான் அவ மூஞ்சியைப் பார்த்துக்கிட்டு வேலை செஞ்சேன், அவ என் மூஞ்சியைப் பார்த்துக்கிட்டு வேலை செஞ்சா. என் வீட்டுக்காரர்கூட என் மூஞ்சியை அவ்வளவு பார்த்திருக்க மாட்டார். அவர் பாவம், சீக்கிரமே போய்ச் சேர்ந்துட்டார்.

வெங்கலத்துக்கும் புருஷன் இருந்தான். வீடுகளுக்குப் பெயிண்ட் அடிக்கிறவன். வெளியில கேட்டுப் பாருங்க, தங்கமான மனுஷன்னுதான் சொல்லுவாங்க. யார் வீட்டுல விசேஷம்னாலும் ஏணியைத் தூக்கிட்டு முதல் ஆளா நிப்பான். குடிக்க மாட்டான், கத்தவும் மாட்டான். கத்தாம இருக்கிறதுதான் அவன் கெட்டிக்காரத்தனம். காதுகிட்ட வந்து, பூப்போல, சொல்ல வேண்டியதைச் சொல்லுவான். பக்கத்து வீட்டுக்குக் கேட்காது. அவன் கையும் அப்படித்தான், துணிக்கு வெளியில தெரியிற இடத்துல விழாது. அவ சத்தம் போட்டாத்தான் யாராவது கதவைத் தட்டுவாங்க, அவனும் கையை எடுப்பான். அவ தொண்டை அந்த வீட்டுலதான் அப்படி ஆச்சு. இது தெரியாம அவளை வாயாடின்னு சொன்னவங்க நிறையப் பேர்.

ஒருநாள் தறிக்கு வந்தா, என்னைப் பார்க்கவே இல்லை. என்னடின்னு கேட்டேன். வாயசைச்சா, ஒண்ணும் புரியலை. தாடை வீங்கி உதடு பிரியவே இல்லை. கையைக் காட்டினா. ரெண்டு விரலை மேல் உதட்டுல வச்சு இழுத்தா. மேஸ்திரி வர்றானோன்னு நான் திரும்பிப் பார்த்தேன், யாரும் இல்லை. அப்பதான் புரிஞ்சுது, வீட்டு மேஸ்திரியைச் சொல்றாள்னு. அந்த ஒரு தடவைதான் அவன் கை வெளியில தெரியிற இடத்துல விழுந்துச்சு. அன்னைலேர்ந்து எங்க ரெண்டு பேருக்குள்ள அந்தாளுக்கு அதுதான் பேர். அன்னைக்கு வேலை முடிஞ்சு அவ அவன் வீட்டுக்குப் போகலை. என் கூட வந்துட்டா.

மறுநாள் மில் கேட்ல வந்து நின்னான். மூஞ்சியைப் பச்சைப் பிள்ளை மாதிரி வச்சுக்கிட்டு, வீட்டுக்குப் போலாம் வான்னு மெதுவாக் கூப்பிட்டான். இவ போட்டா பாருங்க ஒரு சத்தம், ஷிப்ட் மாறி வந்த சனம் மொத்தமும் திரும்பி நின்னுச்சு. அவனால எதை வேணா தாங்கிக்க முடியும், நாலு பேர் பார்க்கிறதை மட்டும் தாங்கிக்க முடியாது. தலையைத் தொங்கப் போட்டுக்கிட்டுப் போனவன்தான், அப்புறம் எங்க பக்கம் தலை காட்டலை.

முறையா வெட்டி விட்டுடு, கோர்ட்டுக்குப் போய் எழுதி வாங்கிடுன்னு நான் எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தேன். அதுக்கு அவன் கூட ஒரே அறையில உட்காரணும், அவன் மூஞ்சியைப் பார்க்கணும், அதுக்கு நான் இப்படியே இருந்துட்டுப் போறேன்னுட்டா. சரி, காகிதத்துல அவன் புருஷனா இருந்தா என்ன குடி முழுகிடப் போகுதுன்னு நானும் விட்டுட்டேன்.

அப்புறம் நல்லாத்தான் இருந்தோம். ரெண்டு ரூம் வீடு, ஜன்னலைத் திறந்தா மில் சுவர். அவ ரேடியோவைப் பெருசா வைப்பா, நான் குறைப்பேன், அவ மறுபடி பெருசா வைப்பா. ராத்திரிச் சாப்பாட்டுல தொண்டையைக் கஷ்டப்படுத்தாம மில் பாஷையிலயே பேசிக்குவோம். மேல் வீட்டுக்காரம்மா ஒருநாள் என்னைத் தனியாக் கூப்பிட்டு, ரெண்டு பேருக்கும் என்ன சண்டை, பேச்சு வார்த்தையே இல்லை போலிருக்கேன்னு விசாரிச்சாங்க. அதைச் சொல்லிச் சொல்லி வெங்கலம் ஒரு வாரம் சிரிச்சா.

சிரிச்சா இருமுவா, அதுதான் கெட்ட சகுனம். பஞ்சுத் தூசி. எங்க எல்லாருக்கும் நெஞ்சுல கொஞ்சம் கொஞ்சம் இருக்கு, அவளுக்கு மட்டும் மூட்டையாச் சேர்ந்துடுச்சு. டாக்டர்கிட்டப் போடின்னா, போனா வேலைக்குப் போகாதேன்னுதான் சொல்லுவான், அது எனக்கே தெரியுமேன்னு சொல்லுவா. கடைசியில தறி மேலயே சாஞ்சுட்டா. நான் எதிர்ல நின்னதால பார்த்தேன். உதட்டுல நீலம் பாரிச்சிருந்துச்சு. மூச்சுன்னு வாயசைச்சா, அதோட சரி.

பெரிய ஆஸ்பத்திரியில நேரா அவசரப் பிரிவு, அங்கேர்ந்து தீவிர சிகிச்சை. கழுத்துல ஓட்டை போட்டுக் குழாய் சொருகி மெஷின்ல மாட்டிட்டாங்க. குரல் போச்சு. கழுத்துல குழாய் இருக்கிற வரைக்கும் சத்தம் வராதாம். மூக்குல இன்னொரு குழாய், கஞ்சித் தண்ணி போறதுக்கு. ஆனா உதடு சும்மாதானே இருக்கு, எனக்கு அது போதும். உள்ள விட்டாப் போதும், அவளுக்கு என்ன வேணும்னு நான் பார்த்துச் சொல்லிடுவேன்னு நினைச்சேன். ஆசையைப் பாருங்க.

வாசல்ல செக்யூரிட்டி உட்கார்ந்திருந்தார். ஒரு நோயாளிக்கு ஒரு ஆள்தான், அதுவும் சொந்தக்காரங்கதான்னார். நீங்க என்ன உறவுன்னு கேட்டார். அந்த நேரத்துல எனக்கு வேற எதுவும் வாயில வரலை.

"எதிர்த் தறி," என்றேன்.

அப்படி ஒரு உறவு கிடையாதும்மான்னு நிதானமாச் சொன்னார். ஒரே வீட்டுல இருக்கோம்னு சொன்னேன். வாடகைக்கா சொந்தமான்னு கேட்டார். எனக்குக் கோவம் மூக்கு மேல வந்துடும், அடக்கிக்கிட்டேன். லிப்டு பக்கத்துச் சுவர்ல கண்ணாடிச் சட்டம் போட்டு நோயாளிகளின் உரிமைகள்னு ஒரு போர்டு மாட்டியிருந்துச்சு. தான் விரும்புகிறவரைப் பார்க்கவும், விரும்பாதவரை மறுக்கவும் நோயாளிக்கு உரிமை உண்டுன்னு கொட்டை எழுத்துல இருந்துச்சு. அவரைக் கையோட கூட்டிட்டுப் போய்க் காட்டினேன். முழுசாப் படிச்சார், தப்பு சொல்லக் கூடாது.

"அது போர்டும்மா," என்றார். "ரூல் வேற."

அடுத்த நாள் தங்கச்சின்னு பொய் சொல்லிப் பார்த்தேன். வெங்கலத்துக்கு நான் அக்கா வயசு, அந்தக் குழப்பத்துல தங்கச்சின்னு உளறிட்டேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துட்டு இருக்கும்போதே பின்னாலேர்ந்து, என் காது ஓரமா ஒரு குரல் கேட்டுச்சு. பூப்போல. "அவளுக்குக் கூடப் பொறந்தவங்க யாரும் இல்லைங்க."

பெயிண்டர்தான். தலை முழுக்க நரைச்சிருந்துச்சு. இஸ்திரி போட்ட சட்டை, கையில பழப்பை. மில் ஆபீஸ்ல அவ வேலைக்குச் சேர்ந்தப்பக் குடுத்த பழைய விலாசம் கிடந்திருக்கு, எந்தப் புண்ணியவானோ தேடிப் பிடிச்சுத் தகவல் சொல்லிட்டான். செக்யூரிட்டி எந்திரிச்சு நின்னு அவனுக்குக் கதவைத் திறந்து விட்டார். என்னைத் தாண்டிப் போகும்போது அவன் நின்னு, இத்தனை வருஷம் பார்த்துக்கிட்டதுக்கு ரொம்ப நன்றிம்மா, இனிமே நான் பார்த்துக்கிறேன்னு சொல்லிட்டுப் போனான்.

இருபது வருஷமா எவன் மூஞ்சியைப் பார்க்கக் கூடாதுன்னு அவ கோர்ட்டுக்குக்கூடப் போகலையோ, அவன் அவ தலைமாட்டுல நாற்காலி போட்டு உட்காரப் போறான். எந்திரிச்சு ஓட முடியாது. கத்தவும் முடியாது. அவனை வெளியில அனுப்பி, நான் உள்ள போகணும். அதைத் தவிர எனக்கு வேற எண்ணமே இல்லை.

அந்த வராண்டாவுல நீளமா ஒரு கண்ணாடி உண்டு. உள்பக்கம் பச்சைத் திரை. தரை துடைக்கிற நேரத்துல திரையை ஒதுக்கி வைப்பாங்க. துடைக்கிற அம்மாகிட்ட நாலு நாள் கெஞ்சிக் கேட்டு அங்க நின்னேன். வெங்கலம் கண்ணாடியிலேர்ந்து ரெண்டாவது கட்டில். எங்க தறிக்கு நடுவுல இருந்த இடத்தைவிடக் கொஞ்சம் தள்ளி, அவ்வளவுதான். பாதியா இளைச்சிருந்தா. ரெண்டு மணிக்கட்டையும் துணிப் பட்டையால கட்டில் கம்பியோட கட்டியிருந்தாங்க.

நான் கண்ணாடியில தட்டலை. கையை மட்டும் ஆட்டினேன். அவ பார்த்தா. பார்த்ததும் உதடு கோணிக்கிச்சு, அழறா. அழாதடின்னேன். அவ சொன்ன முதல் பேச்சு, அக்கா அவன் வர்றான். ரெண்டாவது பேச்சு, அவனை வெளியில அனுப்பு. என்னைக் கட்டிப் போட்டுட்டாங்கன்னு மூணாவதாத்தான் சொன்னா. பக்கத்துல மெஷின் இருக்கு, குழாய் இருக்கு, அதைப் பத்தி ஒரு வார்த்தை இல்லை.

ஏன் கட்டியிருக்கீங்கன்னு தலைமை சிஸ்டரை வாசல்ல பிடிச்சுக் கேட்டேன். ஒல்லியா, கண்ணாடி போட்ட அம்மா, எப்பவும் அவசரம். மூக்குக் குழாயைப் பிடுங்கப் பார்க்கிறாங்க, பிடுங்கினா ஆபத்து, அதுக்குத்தான்னு சொன்னாங்க. எப்படிப் பிடுங்கப் பார்த்தாள்னு கேட்டேன். சிஸ்டர் தன் மேல் உதட்டுல ரெண்டு விரலை வச்சு இழுத்துக் காட்டினாங்க. அதுவும் புருஷனைப் பார்த்துட்டாப் போதும், திரும்பத் திரும்ப இதேதான், உணர்ச்சி வசப்படுறாங்க பாவம்னாங்க.

அடப்பாவிங்களா. அவன் வர்றான், அவன் வர்றான்னு அவ சொல்லச் சொல்ல, அந்தக் கையைத்தான் பிடிச்சுக் கட்டியிருக்காங்க.

அது எங்க மில் சைகை, அவன் வர்றான்னு அர்த்தம்னு சிஸ்டர்கிட்ட விளக்கினேன். பொறுமையாத்தான் கேட்டாங்க. ஆனா நோயாளிக்கு இப்ப சுய நினைவு சரியா இல்லை, அந்த மனுஷன் தினம் ரெண்டு வேளையும் வந்து கண்ணீர் விடுறார், அவரைத் தப்பாப் பேசாதீங்கன்னுட்டாங்க. அவ ரொம்பத் துள்ளினா அமைதிக்கு ஊசி போடுவாங்களாம். அவனைப் பார்த்தாத் துள்ளுறா, துள்ளினா ஊசி, ஊசி போட்டாத் தூக்கம், தூங்குறவ தலையை அவன் தடவிக் குடுக்கிறான். பார்க்கிறவங்களுக்குக் கண்ணு கலங்குது. துடைக்கிற அம்மாவே என்கிட்ட, அடிக்கிற கைதான் அணைக்கும், விட்டுக் குடுத்துப் போயேன்னு புத்தி சொன்னாங்க. அணைக்கிறதுக்கு எதுக்கும்மா அந்தக் கை, முதல்ல அடிக்காம இருந்தாப் போதாதான்னு கேட்டேன். அவங்க வாளியைத் தூக்கிட்டுப் போயிட்டாங்க.

உள்ளதைச் சொல்லணும், எனக்கே ஒரு நிமிஷம் மனசு ஆடிச்சு. வயசாகிடுச்சு, ஒரு வேளை திருந்தியிருப்பானோ, நாமதான் பழசையே பிடிச்சுத் தொங்குறோமோன்னு நினைச்சேன். அன்னைக்குச் சாயங்காலம் அவன் வந்த நேரம் திரை ஒதுங்கியேதான் இருந்துச்சு, நானும் தூண் ஓரமா நின்னு பார்த்துக்கிட்டிருந்தேன். பழப்பையை வச்சான். நெத்தியில விழுந்த முடியை ஒதுக்கி விட்டான். எதிர்க் கட்டில் நர்ஸ் பொண்ணு பார்த்துப் புன்னகை பண்ணுச்சு. அப்புறம் குனிஞ்சு வெங்கலம் காதுகிட்ட வாயை வச்சான். அவளுக்குக் காது மந்தம்னு அவனுக்குத் தெரியும், அதனால ஒவ்வொரு வார்த்தையா நிறுத்திச் சொன்னான். வாய் எனக்கு நேரா இருந்துச்சு.

"இப்ப எங்கடி ஓடுவ?" இன்னும் கொஞ்சம் நெருங்கினான். "கத்துடி பார்ப்போம்."

ஆண்டவன் சத்தியமா, இதுக்கு மேல ஒரு எழுத்து கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. வெங்கலம் கண்ணை இறுக மூடிக்கிட்டா. கட்டில் கம்பி ஆடுச்சு. நர்ஸ் பொண்ணு ஊசியை எடுத்துட்டு வந்துச்சு.

நான் தலைமை சிஸ்டரைத் தேடி ஓடினேன். கேட்டுட்டு அவங்க மூக்குக் கண்ணாடியைக் கழட்டினாங்க. வெளியில நின்னுக்கிட்டு, மூடின கண்ணாடி வழியா, காதுக்குள்ள அவர் பேசினது உங்களுக்குக் கேட்டுச்சான்னாங்க. கேட்கலை சிஸ்டர், தெரிஞ்சுதுன்னேன். பைத்தியம்னு வாய் விட்டுச் சொல்லலை, நல்ல அம்மா. வீட்டுக்குப் போய் ஓய்வு எடுங்கன்னாங்க.

வீட்டுக்குப் போய் என்ன பண்ண? ரேடியோவைப் பெருசா வைக்கிறதுக்குக்கூட ஆள் இல்லாத வீடு. ஷிப்ட் போக மீதி நேரமெல்லாம் அந்தக் கண்ணாடியிலதான் கிடந்தேன். துடைக்கிற அம்மா எனக்காகத் திரையை ஒதுக்கியே விட்டு வச்சாங்க. ஊசி தெளிஞ்சிருக்கிற நேரத்துல பேசுவோம். மில்லுல யார் யாரை என்ன சொன்னா, அவ தறியில இப்ப ஒரு கத்துக்குட்டி நிக்குது, அது நாளுக்கு எத்தனை தடவை நூலை அறுக்குது, எல்லாம் சொல்லுவேன். என் தறியைத் தொடவேண்டாம்னு சொல்லும்பா. அப்புறம் நடுவுல நிறுத்தி, நீ உள்ள வாயேன் அக்கான்னு கேட்பா. வர்றேன்டின்னு சொல்லிட்டு மூஞ்சியைத் திருப்பிக்குவேன்.

அப்படி ஒருநாள் மத்தியானம் தலைமை சிஸ்டர் அவ கட்டிலுக்கு வந்து நாடி பார்த்துட்டு நகர்ந்தாங்க. வெங்கலம் என்னைப் பார்த்து ஒண்ணு சொன்னா. எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு, வராண்டாவுல நின்னு சத்தமாச் சிரிச்சுட்டேன். சிஸ்டர் விறுவிறுன்னு வெளியில வந்து, என்ன சிரிப்பு இங்கன்னு கேட்டாங்க. திட்டு விழும்னு தெரிஞ்சும் சொன்னேன். உங்க கை ஐஸ் கட்டி மாதிரி இருக்காம், செத்தவளைத் தொட்டாக்கூட எந்திரிச்சிடுவாளாம், தொடுறதுக்கு முன்னாடி கொஞ்சம் தேய்ச்சுக்கச் சொல்றா.

சிஸ்டர் தன் கையைப் பார்த்தாங்க. அந்தக் கையை நான் தொட்டதே இல்லைன்னு அவங்களுக்குத் தெரியும். திரும்ப உள்ள போனாங்க. வெங்கலத்துக்கு எதிர்ல நின்னு உள்ளங்கை ரெண்டையும் பரபரன்னு தேய்ச்சாங்க. வெங்கலம் குலுங்கினா. சத்தம் வரலை, தோள் மட்டும் குலுங்கிச்சு. சிரிக்கிறவளுக்கு நினைவு இல்லைன்னு எப்படிச் சொல்ல முடியும்?

சிஸ்டர் அப்படியே குனிஞ்சு, உதட்டை நல்லாப் பிரிச்சு, உங்க வீட்டுக்காரர் வரட்டுமா வேண்டாமான்னு கேட்டாங்க. அதை நானே வெளியிலேர்ந்து படிச்சேன். வெங்கலம் வேண்டாம்னா. ஒருதரம் இல்லை. தலையை ரெண்டு பக்கமும் ஆட்டிக்கிட்டே, வேண்டாம் வேண்டாம்னு சொல்லிக்கிட்டே இருந்தா. யார் வேணும்னு கேட்டாங்க. அவ கண்ணாடியைப் பார்த்தா.

சிஸ்டர் வெளியில வந்தப்ப முகம் வேற மாதிரி இருந்துச்சு. நாளைக் காலையில பெரிய டாக்டர் வந்ததும் நானே பேசுறேன், அவர் ஒரு வார்த்தை சொல்லிட்டா வீட்டுக்காரரை நிறுத்திட்டு உங்களை உள்ள விட்டுடுவேன், கட்டையும் அவிழ்த்துடலாம்னாங்க. இன்னைக்குச் சாயங்காலம் வருவானே சிஸ்டர், இன்னைக்கு மட்டுமாவது நிறுத்துங்கன்னு அவங்க கையைப் பிடிச்சுக்கிட்டேன். நிஜமாவே ஐஸ்தான். புருஷன்னு பதிவுல இருக்கிறவரை என் இஷ்டத்துக்கு நிறுத்த முடியாதும்மா, ஒரு ராத்திரிதானேன்னு சொல்லிட்டு டியூட்டி முடிஞ்சு போயிட்டாங்க.

சாயங்காலம் அவன் வந்தான். கண்ணாடிகிட்ட என்னைப் பார்த்தான், கட்டில்ல அவளைப் பார்த்தான், மறுபடி என்னைப் பார்த்தான். எங்க பாஷை அவனுக்குத் தெரியாது, ஆனா என்னமோ நடக்குதுன்னு தெரியாத அளவுக்கு மடையன் இல்லை. உள்ள போய்ச் சின்ன டாக்டர்கிட்டக் கையைக் கட்டிக்கிட்டு மரியாதையாப் பேசினான். அந்தம்மா கண்ணாடியில நின்னு கையை ஆட்டி ஆட்டி இவளைக் கலவரப்படுத்துறாங்க டாக்டர், அவங்க வந்துட்டுப் போனாலே இவளுக்கு மூச்சு வாங்குது. அதையும் நான் படிச்சேன். சின்ன டாக்டர் தலையாட்டினார். நர்ஸ் பொண்ணு வந்து திரையை இழுத்து விட்டுச்சு. கடைசியா அவ முகம் தெரிஞ்சப்ப உதடு அசைஞ்சுக்கிட்டிருந்துச்சு. பாதிதான் பார்க்க முடிஞ்சுது. என்ன சொல்ல வந்தாள்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியாது.

மறுநாள் காலையில நான் போனப்பத் திரை மூடியே இருந்துச்சு. பார்வை நேரம் ஆரம்பிச்சு அவன் உள்ள போயிட்டான்னு செக்யூரிட்டி சொன்னார். நான் பச்சைத் துணிக்கு முன்னாடி நின்னேன். அந்தப் பக்கம் அவன் என்ன பேசுறானோ, அவ என்ன சொல்றாளோ. கண்ணு இருந்தும் குருடி மாதிரி நின்னேன். என் வாழ்க்கையில அப்படி ஒரு கோவம் எனக்கு வந்ததில்லை, அதை வச்சுக்கிட்டு என்ன பண்றதுன்னும் தெரியலை.

தலைமை சிஸ்டர் டியூட்டிக்கு வந்தாங்க. திரையைப் பார்த்ததும் யார் மூடச் சொன்னதுன்னு கேட்டாங்க. பெரிய டாக்டருக்குப் போன் பண்ணினாங்க, அவர் ஆபரேஷன்ல இருக்காராம். இன்னொரு தடவை பண்ணினாங்க. அப்புறம் போனை வச்சுட்டு என்கிட்ட வந்து, செருப்பைக் கழட்டிட்டு வாங்கன்னாங்க. செக்யூரிட்டி எந்திரிச்சார். நான் சொல்றேன், உட்காருங்கன்னு அவர்கிட்டச் சொல்லிட்டு என் மணிக்கட்டைப் பிடிச்சு உள்ள கூட்டிட்டுப் போனாங்க.

உள்ள நாலஞ்சு பேர் அவ கட்டிலைச் சுத்தி நின்னுக்கிட்டிருந்தாங்க. மெஷினை நிறுத்திட்டாங்க. அவன் நாற்காலியில உட்கார்ந்து, அவ வலது கையைத் தன் ரெண்டு கைக்குள்ள வச்சுக்கிட்டு அழுதுக்கிட்டிருந்தான். அழுகை நிஜம்தான், எனக்கு அதுல சந்தேகமில்லை. அவன் கொன்னான்னு நான் சொல்ல வரலை. அவளைக் கொன்னது பஞ்சுத் தூசி. எப்படியும் போயிருப்பா, அன்னைக்கு இல்லைன்னா ஒரு வாரம் கழிச்சு. ஆனா போற நேரத்துல பக்கத்துல யார் இருக்கணும்னு அவ சொன்னா. வாய் இல்லாதவ அவ்வளவு பாடுபட்டுச் சொன்னா. அது ஒண்ணைத்தான் கேட்டா.

கண்ணு பாதி திறந்திருந்துச்சு. முகத்தைத் திரைப் பக்கம் திருப்பி வச்சிருந்தா.

சின்ன டாக்டர் என் தோள்ல கை வச்சார். நல்ல மனசோடதான் சொன்னார். "வருத்தப்படாதீங்கம்மா. கடைசி வரைக்கும் வீட்டுக்காரர் கையைப் பிடிச்சுக்கிட்டேதான் இருந்தாங்க. எத்தனை பேருக்கு இது அமையும்? குடுத்து வச்சவங்க."

"அவ பிடிக்கலை சார்," என்றேன். "அவளால இழுத்துக்க முடியலை."

அவருக்குப் புரியலை. சிஸ்டருக்குப் புரிஞ்சுது. அவனை எந்திரிக்கச் சொன்னாங்க, இந்தத் தடவை மரியாதை இல்லாமச் சொன்னாங்க. அவன் எந்திரிச்சுப் போனான். சிஸ்டர் குனிஞ்சு அவன் பிடிச்சிருந்த கையோட கட்டை அவிழ்க்கப் பார்த்தாங்க. முடிச்சு பிடி குடுக்கலை. நான் தள்ளச் சொல்லிட்டு உட்கார்ந்தேன். ஆயுசு பூரா முடிச்சுப் போட்டு முடிச்சு அவிழ்த்த விரல் என்னோடது. என்னாலயும் முடியலை. அவ இழுத்து இழுத்து, துணி கல்லா இறுகிப் போயிருந்துச்சு. கத்திரியை வச்சு வெட்டித்தான் எடுத்தோம்.